சித்தப்பா தவறவிட்ட பந்துகள்

சித்தப்பா கிரிக்கெட் வாங்கத்தான் பாண்டிச்சேரிக்குப் போனார். பேஸ்பாலோடு திரும்பி வந்தார். பழைய சாமான் கடையில் வாங்கிய வீடியோ கேம் பெட்டி அது. கூடவே ஒரு கட்டு டிஸ்க்குகளையும் கடைக்காரர் கொடுத்திருந்தார். வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தபோது கார் ரேஸ் ஓடவில்லை, சண்டை கேம் ஓடவில்லை. கிரிக்கெட் என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த டிஸ்க்கைப் போட்டதும், தொப்பி வைத்த ஒல்லியான ஒருவன் மண்மேட்டில் ஏறி நின்று, ஒரு காலைத் தூக்கிப் பந்தை எறிந்தான்.

"ஸ்டம்பு எங்கடா?" என்று சித்தப்பா டிவியைப் பார்த்துக் கேட்டார்.

அப்போது நாங்கள் விக்கிரவாண்டியில் குடியிருந்தோம். அப்பா டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லாரி டயர் கடையில் வேலை பார்த்தார். அப்பாவின் தம்பியான சித்தப்பா, கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். திண்டிவனத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு, எங்கள் ஊரிலிருந்தும் வழியில் உள்ள கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் வேனை ஓட்டியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை மைதானத்தில் கார்க் பந்து ஆடுவார். வேகப்பந்தை அடிக்க அவரைப் போல ஆள் கிடையாது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவரும் அவரேதான் என்று அம்மா சொல்வாள்.

பேஸ்பால் விதிகள் எங்கள் இருவருக்கும் கடைசிவரை புரியவில்லை. எறிபவன் எறிவான், அடிப்பவன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். சித்தப்பாவுக்குப் பிடித்துப்போனது வேறொன்று. ஒவ்வொரு பந்துக்கும் அதன் வேகம் திரையின் மூலையில் மைல் கணக்கில் வந்தது. அதைக் கிலோமீட்டராக்கி என்னிடம் சொல்வார்.

"தொண்ணூத்தஞ்சு மைலு பாப்பா. நம்ம கணக்குல நூத்தம்பதுக்கு மேல. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கிரிக்கெட் பிட்ச் நீளம்கூட இல்ல. கைய வுட்டுக் கெளம்பினா அரை செகண்டுக்குள்ள வந்துரும். அதுக்குள்ள பாக்கணும், அடிக்கலாமா வாணாமான்னு யோசிக்கணும், கைய வீசணும். இது ஆவுற கதையா?"

விளையாட்டில் காட்டுவது நிஜமான வேகம்தானா என்ற சந்தேகம் அவரை வெகுநாள் வாட்டியது. செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, பந்து கையை விட்டதும் ஒரு அமுக்கு, மட்டையிடம் வந்ததும் ஒரு அமுக்கு என்று அளந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. "நம்ம விரலே லேட்டு, இதுல எங்க அளக்கறது" என்று செல்போனைப் போட்டுவிட்டார். கடைசியில், நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்துத்தான் விளையாட்டைச் செய்திருக்கிறார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தார். இல்லாவிட்டால் யாரும் அடிக்க முடியாது, யாரும் வாங்கவும் மாட்டார்கள் என்பது அவர் வாதம். அதனால் எப்போதும் மிகக் கடினமான நிலையில்தான் ஆடுவார். சுலபமான நிலையில் ஆடலாம் என்று நான் கெஞ்சினால், "ரோட்ல எதுர வர்ற லாரி உனக்காக மெதுவா வருமா?" என்பார்.

அந்தக் கடினமான நிலையிலும் அவர் அடித்தார். பத்துப் பந்து வந்தால் ஏழெட்டைக் கூட்டத்துக்குள் அனுப்புவார். நான் எப்போதாவது ஒன்றைத் தொடுவேன்.

தீபாவளிக்கு முன்னால் புது டிவி வந்தது. சுவரில் மாட்டும் தட்டையான டிவி. குண்டாக இருந்த பழைய டிவியை உள்ளறையில் தரையில் வைத்துவிட்டோம். புது டிவியில் கேமை இணைத்து ஆடியபோது சித்தப்பாவால் ஒரு பந்தைக்கூடத் தொட முடியவில்லை. எனக்கும் அதே கதிதான். அவர் கொஞ்ச நேரம் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுக் கண்டுபிடித்தார்.

"டிவி லேட்டு பாப்பா. நாம அமுக்கின அப்பால கொஞ்சம் நேரங்கழிச்சுத்தான் அவன் கட்டைய சுத்துறான். நாம முன்னாடியே அமுக்கணும்."

அது உண்மைதான். அந்த வகை டிவிகளில் படம் ஒரு நூலிழை பின்தங்கித்தான் வரும் என்று பிற்காலத்தில் நானும் தெரிந்துகொண்டேன். சில நாட்களில் என் விரல் அந்தத் தாமதத்துக்குப் பழகிவிட்டது. சித்தப்பாவின் விரல் பழகவில்லை. முதன்முறையாக நான் அவரை ஜெயித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். எனக்காக விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து அவரோடு சண்டை போட்டேன். "ஒழுங்கா ஆடு சித்தப்பா" என்று கத்தினேன். அவர் சிரித்துவிட்டு, உள்ளறைக்குப் போய்ப் பழைய டிவியின் தூசியைத் துடைத்து, கேமை அதில் இணைத்தார்.

பழைய டிவியிலும் மட்டை பந்துக்குப் பின்னால்தான் சுற்றியது. ஒயர் சரியில்லை என்று வேறு ஒயர் வாங்கி வந்தார். ரிமோட்டின் பட்டன் தேய்ந்துவிட்டது என்று என்னுடையதை வாங்கி ஆடினார். எதுவும் மாறவில்லை. ஒருநாள் நான் கேமைப் போட்டபோது, அது எல்லாவற்றிலும் சுலபமான நிலையில் இருந்தது. திருட்டுத்தனத்தைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். சித்தப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் அவருக்கு வல்லத்தில் பெண் பார்த்திருந்தார்கள். நல்ல இடம். தை பிறந்ததும் நிச்சயம் என்று பேச்சு. பெண்ணின் படத்தை எனக்கு மட்டும் செல்போனில் காட்டியிருந்தார்.

அதற்குள்தான் அந்தச் சாயங்காலம் வந்தது. பள்ளி விட்டுத் திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். பெரிய வேகமில்லை. நான் முன் சீட்டில் இருந்தேன். ரோட்டின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளி வழியாக, தண்ணீர் கேன்கள் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தார். அவர் வருவது தொலைவிலேயே எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேன் நிற்கும் என்று நான் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. அதற்கப்புறம் பிரேக் விழுந்ததில் பிள்ளைகள் எல்லாரும் முன்னால் வந்து மோதினோம். ஒரு குட்டிப் பையனுக்கு உதடு கிழிந்தது. சைக்கிளின் பின்சக்கரம் வளைந்து, கேன்கள் ரோட்டில் உருண்டன. அந்த மனிதருக்கு அடி ஒன்றுமில்லை. ஆனால் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா இறங்கிப் போய் அவருக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். கேன்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தது அங்கே கூடியவர்கள்தான்.

திரும்பி வந்து சீட்டில் ஏறியவர் வண்டியை எடுக்காமல் தன் காலையே பார்த்தார்.

"இன்னா ஆச்சு சித்தப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. செருப்பு மாட்டிக்கிச்சு."

மீதி வழி முழுவதும் சர்வீஸ் ரோட்டில், சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு மெதுவாக ஓட்டி வந்தார். பின்னால் பையன்கள் கேலி செய்தார்கள். உதடு கிழிந்த பையனை மட்டும் வீடுவரை தூக்கிக்கொண்டு போய், அவன் அம்மாவின் திட்டு முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் வேன் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அப்பா காரணம் கேட்டார். "புடிக்கலண்ணா" என்றார் சித்தப்பா. பிடிக்கவில்லை என்றால் எது பிடிக்கவில்லை, முதலாளி ஏதாவது சொன்னானா, வேறு வேலை பார்த்திருக்கிறாயா என்று எவ்வளவோ கேட்டும் அந்த ஒரு சொல்லுக்கு மேல் வாங்க முடியவில்லை. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று வல்லத்துக்குத் தெரிந்ததும், அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். செல்போனில் இருந்த அந்தப் பெண்ணின் படத்தைச் சித்தப்பா அழித்துவிட்டாரா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

ஆனால் கேமை மட்டும் விடவில்லை. தினமும் காலையில், வேன் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பழைய டிவியின் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவார். மறுபடியும் கடினமான நிலைதான். பந்து வரும், மட்டை பின்னால் சுற்றும். பத்துப் பதினைந்து பந்து முடிந்ததும் அணைத்துவிடுவார். ஒருநாள் இரண்டு பந்தைத் தொடர்ந்து அடித்தார். அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். மூன்றாவது பந்திலிருந்து மறுபடி பழைய கதை. வெளியே புது டிரைவர் ஹாரன் அடித்ததும், என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். "பாத்து ஓட்டுப்பா" என்று அவரிடம் தினமும் சொல்வார். வேலையை விட்டவருக்கு எதற்கு இந்த அக்கறை என்று அந்த டிரைவர் என் காதுபடவே முணுமுணுத்தார்.

ஒரு காலையில் டயர் கடைக்குக் கிளம்பிய அப்பா, உள்ளறையில் கேம் சத்தம் கேட்டு நின்றார். வல்லத்துச் சம்பந்தம் போன ஆத்திரம் அவருக்குள் அப்படியே இருந்தது.

"கல்யாணம் போச்சு, வேலை போச்சு. எருமை மாதிரி குந்திக்கினு காலங்காத்தால பந்து ஆடற. தண்டச்சோறு! உனக்கு வெக்கமா இல்ல?"

சித்தப்பா திரும்பவில்லை. அப்பா போய் அவர் கன்னத்தில் அறைந்தார். நான் பார்த்து அப்பா அவரை அடித்தது அந்த ஒரு முறைதான். பிறகு கேம் பெட்டியை ஒயரோடு பிடுங்கித் தரையில் போட்டு, கடைக்குப் போட்டுப் போகும் கனத்த செருப்பால் மிதித்தார். அப்போதுதான் சித்தப்பா எழுந்தார். எழும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அது இருந்தாத்தாண்ணா எனக்குத் தெரியும்" என்றார்.

"இன்னாடா தெரியும்? சொல்லு. இன்னா தெரியும்?"

சித்தப்பா உடைந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். இடது கையால் பொறுக்கினார். கேம் போய்விட்டதே என்று நான் ஓவென்று அழுதேன். ஆனாலும் அப்பா பேசியதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான் பட்டது.

பங்குனி மாதத்தில் அவரால் சட்டைப் பட்டன் போட முடியாமல் போயிற்று. டம்ளர் கையிலிருந்து நழுவியது. வலது காலைத் தரையில் இழுத்து நடந்தார். குடிக்கிறானோ என்று அப்பா முகர்ந்து பார்த்தார். ஒருநாள் குளிக்கப் போனவர் விழுந்துவிட்டார். அதன் பிறகுதான் முண்டியம்பாக்கத்துக்கு, பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அம்மா அவரைத் தாங்கிப் பிடித்திருந்ததால், சோற்றுக் கூடையைத் தூக்க நானும் போனேன்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தலைக்குள் கட்டி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். நிதானமாக, நல்ல மாதிரியாகவே சொன்னார். ஆபரேஷனுக்குச் சென்னைக்கு எழுதித் தருவதாகவும், நம்பிக்கையோடு இருக்கும்படியும் சொன்னார். பிறகு, இந்தக் கை கால் மந்தம் எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"ரெண்டு வாரமா இருக்கும்ங்க" என்றார் அப்பா.

"இல்லீங்க" என்றார் சித்தப்பா. "புது டிவி வந்ததுலேர்ந்துங்க."

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. "டேய், டாக்டருகிட்ட வந்துமா? கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லுடா" என்று பல்லைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனைக்குப் பிறகும் தோற்றதற்கு டிவிமேல் பழி போடுகிறாரே என்று.

சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா துணைக்கு இருந்துவிட்டாள். அப்பாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார்.

"புது டிவின்னு இன்னாத்தையோ சொன்னானே, அது இன்னாடி?"

எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்பதால் பெருமையாக விளக்கினேன். புது டிவியில் பந்து பிந்தி வரும் என்பதையும், நான் பழகிக்கொண்டதையும், சித்தப்பா மட்டும் பழைய டிவியிலும் பிந்தியே அடித்ததையும், ஒயரை மாற்றியதையும், சுலபமான நிலையில் திருட்டுத்தனமாக ஆடி மாட்டிக்கொண்டதையும் சொன்னேன். அதுவரை வீட்டில் நான் சொல்லியிராத அந்தச் சைக்கிள்காரர் கதையையும் சொன்னேன். செருப்பு மாட்டிக்கொண்டதால் பிரேக் பிடிக்க முடியவில்லை என்றேன்.

"அவன் அன்னிக்குச் செருப்பா போட்டிருந்தான்?" என்றார் அப்பா.

யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா வேனில் ஏறினால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிடுவார். வெறுங்காலில்தான் ஓட்டுவார். அதைச் சொன்னேன்.

"வண்டிய வுட்டது அதுக்கு மறுநாளு."

"ஆமாம்ப்பா."

"உங்கள எல்லாம் ஏத்திக்கினு…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றது. நான் தோளைத் தொட்டும் அவர் எழுந்திருக்காததால், எங்களோடேயே பஸ் மறுபடி கிளம்பிவிட்டது. அப்பா துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தப்பா அடுத்த பொங்கலுக்கு இல்லை. ஆனால் அது எங்களில் யாருக்கும் அன்று தெரியாது. பஸ் டோல்கேட்டைத் தாண்டித் திண்டிவனத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்குக் கட்டி என்றதால்தான் அப்பா அழுகிறார் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபரேஷன் பண்ணா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்களேப்பா, மறுபடியும் வேன் ஓட்டுவாரு, நீ திட்டவே வேணாம்" என்று ஆறுதல் சொன்னேன். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை அதிகமாயிற்று. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.