தேநீர் தளும்பாத கார்

கற்பிட்டிப் பக்கம் படிப்பிக்கப் போகும் என் மகளுக்காக, இன்று காலை ஒரு பழைய காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான் ஓர் இளைஞன். பொனட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, "கேளுங்க நானா, தையல் மெஷின் மாதிரி ஓடுது" என்றான், என்னை அண்ணன் முறையில் அழைத்து. என் காதில் எதுவும் ஏறவில்லை. பின்கதவைத் திறந்ததுமே புதுக் கால்விரிப்புக்கு அடியிலிருந்து ஒரு வாடை வந்திருந்தது. கண்டக்குழிக் கரையில் ஓட்டை விழுந்த மீன்பிடிப் போட்டுகளுக்குப் பூசுவார்களே, அந்த பைபர் மருந்தின் வாடை. சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

ஒரு காலத்தில் இந்த வாடை எனக்குப் பிடிக்கும் என்றால் நம்புவீர்களா? போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இந்தக் கரையில் ஒதுங்கிய எங்களுக்கு, பைபர் வாடை அடித்தால் யாரோ மறுபடி தொழிலுக்குப் போகப்போகிறார்கள் என்று அர்த்தம்.

போர் முடிந்து பாதை திறந்ததும், நாங்கள் குடியேறிய மதுரங்குளியில் எல்லோருக்கும் ஒரே பைத்தியம். சொந்த வாகனத்தில் போய்ப் பழைய ஊரைப் பார்க்க வேண்டும். அது என்னையும் பிடித்தது. பள்ளிவாசலில் என் பக்கத்தில் நின்று தொழுகிற ஒருவர் வெள்ளைக் கார் ஒன்றை விற்கிறார் என்றார்கள்.

அப்போது கார் பார்ப்பது ஒரு சடங்கு. சந்திக் கடையிலிருந்து பிளேன்டீ வரும். எஞ்சினை ஓடவிட்டு, நிறைந்த கோப்பையைப் பொனட்டில் வைப்பார்கள். நாலைந்து பேர் குனிந்து தேநீரையே பார்ப்போம். மழைக்குக்கூட வானத்தை அப்படிப் பார்த்ததில்லை. தளும்பாவிட்டால், "சாமான் எண்டா இதுதான்" என்பார் ஒருவர். அந்தத் தேநீரை அவரே குடித்தும் விடுவார். கார் இன்னும் பத்து வருடம் ஓடும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி! அடியில் படுத்துப் பார்ப்பது மட்டும் ஆகாது. அது விற்பவரின் முகத்தில் துப்புவது போல. நான் குனியப்போனதற்கே மனைவியின் தம்பி கையைப் பிடித்தான். "சும்மா இரிங்க மச்சான், நம்மட ஆளு. அசிங்கமாப் போகும்."

நம்மட ஆள் அந்தக் காரில் கண்டக்குழி மீனவர் வாடிகளிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றியிருக்கிறார். தளத்தகட்டை உப்பு தின்றுவிட்டது. போட்டுக்குச் செய்வது போலத் துணி வைத்து, பைபர் பூசி, மேலே தார் அடித்து எங்களிடம் தள்ளிவிட்டார்.

மன்னாருக்குப் போகும் காட்டுப் பாதையில் ஒரு பள்ளம். பின்சீட்டில் தாயின் பக்கத்தில், அப்போது ஆறு வயதான இதே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம், சீட் சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளையின் காலுக்கடியில் செம்மண் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாள். கிடைத்தது பிள்ளையின் பின்னல். அதைப் பிடித்தே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு செருப்பு போயிற்று. குதிகால் தோலும் போயிற்று.

விற்றவரிடம் போய்க் கேட்டேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "எஞ்சினப் பத்தித்தானே நானா நான் சொன்னேன்? தளத்தப் பத்தி நீங்க கேக்கல்லியே."

பள்ளிவாசல் பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். "புள்ளைக்கு ஒண்டும் ஆகல்லதானே, அல்ஹம்துலில்லாஹ். உட்டுடுங்க."

இறைவனுக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியும். அந்தக் காட்டிலேயே பிள்ளையைக் கட்டிப்பிடித்துச் சொல்லிவிட்டேன். இவர்கள் அந்தச் சொல்லை எடுத்து ஓட்டையின் மேல் பூசினார்கள்.

இன்று காலையில் வாசலில் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தேன்.

"வாப்பா, எழும்புங்க, ஆக்கள் பாக்குறாங்க" என்றாள் மகள்.

"பாக்கட்டும்."

ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனேன். இரும்பு கணீரென்றது. பின்சீட்டுக்குக் கீழே வந்ததும் சத்தம் தொப்பென்று அடங்கியது.

"என்ன நானா, என்னில நம்பிக்கை இல்லியா?" என்றான் இளைஞன்.

"இல்ல" என்றேன், படுத்தபடியே.

நான் வெளியே வந்ததும் அவன் பொனட்டை அறைந்து மூடி, காரை எடுத்துக்கொண்டு போனான்.

சந்திக் கடை இப்போது போன் கடை. தேநீர் பார்த்தவர்களில் பாதிப் பேர் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். அந்த நாட்கள் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, ஒன்றைத் தவிர. அதற்கு முன்பெல்லாம் எந்த வாகனத்தில் ஏற்றினாலும் சந்தி தாண்டுமுன் தூங்கிவிடுகிற பிள்ளை என் மகள். அந்தப் பயணத்துக்குப் பிறகு, ஓடுகிற வாகனத்தில் அவள் தூங்கி நான் பார்க்கவில்லை. பஸ்ஸில்கூடக் கால்களைத் தரையில் வைக்காமல் சீட்டின் மேல் மடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.