கம்பைலுக்கு அடங்காத அமாவாசை

பீளமேட்டு மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து எங்கள் முதலாளியே சி மொழியில் எழுதிய புரோகிராம் அது. நூற்பாலையில் எந்த மிஷின் எவ்வளவு நேரம் பழுதாகி நின்றது என்று சொல்லும். அதில் ஒரு வரி மாற வேண்டுமென்றாலும் மொத்தத்தையும் மறுபடி கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றி, அதாவது கம்பைல் செய்து, ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு மில்லுக்கு நான்தான் பஸ் பிடிக்க வேண்டும்.

உடுமலை மில்லில் அமாவாசையன்று மிஷின்களை நிறுத்தித் துடைத்து, பொட்டு வைத்து, பூஜை போட்டுத்தான் மறுபடி ஓட்டுவார்கள். எங்கள் புரோகிராம் அதையும் பழுது என்றது.

"ஏனுங்க அம்மணி, சாமி கும்பிட்டா மிஷின் கெட்டுப்போச்சுன்னு காட்டுதுங்க" என்று மில் மேனேஜர் போனில் சிரித்தார்.

முதலாளி காலண்டரைப் பார்த்து அந்த வருஷத்து அமாவாசைகளை எல்லாம் புரோகிராமுக்குள் எழுதிவிட்டார். அடுத்த அமாவாசை ஒரு நாள் மதியம் பிறந்து மறுநாள் மதியம் முடிந்தது. காலண்டர் மறுநாளைச் சொன்னது, மில் முதல் நாளே கும்பிட்டுவிட்டது. மறுபடி பழுது, மறுபடி பஸ்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலவசமாகக் கிடைத்த சின்ன ஸ்கிரிப்ட் மொழி ஒன்றின் இன்டர்பிரெட்டரை, அதாவது எழுதிய வரிகளை அப்படியே படித்து நடத்துவதை, அவருடைய புரோகிராமுக்குள் சேர்த்துக் கட்டினேன். மிஷின்களைக் கவனிக்கும் வேலை பழையபடி சி மொழியிலேயே நடக்கும். எது பழுது, எது பூஜை என்கிற விதி மட்டும் தனி ஃபைலில் இருக்கும். மில்காரர்களே அதைத் திருத்தலாம், கம்பைல் வேண்டாம். அனுமதி கேட்கவில்லை. உடுமலையில் ஏற்றிவிட்டு வந்துதான் சொன்னேன்.

"கண்டவனெல்லாம் என்ற புரோகிராமுக்குள்ள கை வெப்பானா? அதை எடுத்துப்போடு. இல்லீன்னா உனக்கு இங்க வேலையில்லை அம்மணி" என்றார் முதலாளி.

"அவங்க என்னைக்குச் சாமி கும்பிடோணும்னு நாம எதுக்குங்க முடிவு பண்ணோணும்? எடுக்க மாட்டனுங்க."

வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பயமாக இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டார். பூஜையை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டார்களாம். முதலாளி எதிரில் நிற்க, மாற்ற வேண்டிய வரியைப் போனிலேயே சொன்னேன். மேனேஜர் ஒரு அடைப்புக்குறியை விட்டுவிட்டார். எந்த வரி தப்பு என்று புரோகிராம் சொல்லிவிட்டு, நிற்காமல் தன் வேலையைப் பார்த்தது. அவரே திருத்திக்கொண்டார்.

முதலாளி அப்படியும் மனம் மாறவில்லை. மாதக் கடைசியில் என்னை நிறுத்திவிட்டார்.

எனக்குப் பதில் வந்தவர் இன்டர்பிரெட்டரைக் கழற்றிய ஃப்ளாப்பியோடு உடுமலைக்குப் போயிருக்கிறார். மேனேஜர் கம்ப்யூட்டர் அறையைத் திறக்கவே இல்லையாம்.

"அந்த அம்மணி வெச்சதே இருக்கட்டுமுங்க. நீங்க காப்பி குடிச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்புங்க" என்றாராம்.