தீப்பொறியால் ஒரு துளை

மாமாவின் மூக்குக் கண்ணாடிக்கு விளிம்பு கிடையாது. வில்லையின் மூக்கோரத்தில் ஒரேயொரு துளை போட்டு, காலைத் தாங்கும் கம்பியைத் திருகாணியால் பொருத்தும் வகை. ஒருநாள் அது விழுந்து, இடப்பக்க வில்லை துளையோடு சேர்ந்து உடைந்தது. மாமா இணுவிலில் ஏ ஃபோர்ட்டி என்ற பழைய வாடகைக் கார் ஓட்டுபவர். அந்த வெள்ளிக்கிழமை நீர்வேலிக் கல்யாணம் ஒன்றுக்கு மாப்பிள்ளையை ஏற்றவேண்டும்.

யாழ்ப்பாணத்துக் கண்ணாடிக் கடையில் அவருடைய பவரில் இரண்டு வில்லைகள்தான் இருந்தன. யுத்தத்தால் கரண்டும் பெற்றோலும் இல்லாத காலம்; கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. கடைக்காரர் கையால் துளைக்கப்போய் ஒன்றை உடைத்துவிட்டு, மற்றதைத் துளையில்லாமலே கொடுத்தனுப்பினார். இன்னொன்று கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

"நான் போட்டுத்தாறன்," என்றேன்.

நான் படிக்கும் கம்பஸ் நூலகத்துப் பழைய சஞ்சிகை ஒன்றில் அந்த முறையை வாசித்திருந்தேன். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் அதைக் கோஸ்ரிக் சோடாக் கரைசலில் மூழ்கவைத்து, பிளஸ் வயரையும் அதற்குள் விட்டு, மைனஸில் கொளுவிய ஊசியால் தொட்டால், ஊசியைச் சுற்றிக் குமிழிகள் போர்வையாக மூடும். அந்தப் போர்வையைக் கிழித்துக்கொண்டு பொறி பாயும். சூட்டில் கண்ணாடி இளக, இளகியதைக் கோஸ்ரிக் அரித்துவிடும். அழுத்தமே இல்லாததால் வெடிப்பு விழாது. முப்பது வோல்ற்றுக்கு மேல் இருந்தால் போதும்.

பக்கத்து வீட்டில் சவர்க்காரம் காய்ச்சினார்கள். கோஸ்ரிக் அங்கே கிடைத்தது. உழவு மெஷின்காரரிடம் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி இரண்டு இரவல் வாங்கினேன். மூன்றாவது மாமாவின் காரில் இருந்தது.

"கழட்ட விடமாட்டன் பிள்ளை. நிக்கிற இடத்திலையே வயரைக் கொளுவு."

"ஓம் மாமா, கார் அசையாது."

"கண்ணாடி இல்லாமல் அவரும் அசையார்," என்றார் மாமி. "நேற்றுக் கோயிலடியிலை என்னைப் பார்த்து 'வாங்கோ ரீச்சர்' எண்டவர்."

காரின் உடம்பை மைனஸ் என்று எடுத்து, மூன்றையும் தொடராக இணைத்தேன். உடைந்த பழைய வில்லையில் முதல் சோதனை. சாக்குத் தைக்கும் ஊசியைச் சுற்றிக் குமிழி வந்தது. பொறி வரவில்லை.

"உது துளைக்கிறதோ, உடுப்புத் தோய்க்கிறதோ?" என்றார் மாமா.

கோஸ்ரிக்கைக் கூட்டினேன். இன்னும் குமிழிதான். பிறகு கார் வயர்கள் இரண்டையும் மட்டும் உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். மைனஸ் பக்கம்தான் அதிகம் குமிழி விடும். உடம்பு வயரிலோ குறைவு. விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார், உடம்பே பிளஸ். நான் தலைகீழாகக் கொளுவியதில் கார்ப் பற்றரி மற்றொரு பற்றரியோடு மல்லுக்கட்ட, மிஞ்சியது பன்னிரண்டு வோல்ற்று.

"ஏன் மாமா சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே. கம்பசிலை படிக்கிற பிள்ளைக்கு நான் கார் படிப்பிக்கிறதோ?"

வயரை மாற்றினேன். ஊசி நுனியில் செம்மஞ்சள் பொறி சரசரவென்று பிடித்தது. பழைய வில்லையில் பாதி வரை துளைத்து, புரட்டி மறுபக்கத்திலிருந்து மீதியைத் துளைத்தேன். வெடிப்பில்லை.

புது வில்லையை எடுத்ததும் மாமா எழுந்து கிணற்றடிக்குப் போனார்.

"வெடிச்சால் எனக்குச் சொல்லாதை."

"நிண்டாலும் உங்களுக்குத் தெரியப்போறேல்லை," என்றார் மாமி.

ஊசியை அழுத்தாமல் வைத்திருப்பது மட்டும்தான் வேலை. பொறி தன் வேலையைத் தானே பார்த்தது. துளையின் ஓரம் கொஞ்சம் வெண்மை பூத்திருந்தது. திருகாணிக்கு ஒரு மயிரளவு பெரிது. சைக்கிள் வால்வ் ரியூப்பில் ஒரு துண்டு நறுக்கி இடையில் வைத்து முடுக்கினேன். ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமா வேட்டி சட்டையோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறினார். செல்ஃப் ஸ்ராட்டர் முனகியது, சுற்றவில்லை. பற்றரியை நான் குடித்திருந்தேன். இஞ்சினைக் கையால் சுற்றும் ஹான்டிலை எடுத்து முன்னால் போனேன்.

"பெருவிரலை மற்ற விரலோடை சேர்த்துப் பிடி பிள்ளை, திருப்பி அடிக்கும்," என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. என் பெருவிரல் அவருக்கு அங்கிருந்தே தெரிந்தது.

சுற்றினேன். இருமிக்கொண்டு பிடித்தது. மண்ணெண்ணெய்ப் புகைக்குள்ளே மாமா காரைப் பின்னுக்கு எடுத்து, வாசல் தூண் இரண்டிலும் உரசாமல் றோட்டில் ஏற்றினார்.