வாழைக்காய் சிப்ஸும் இரண்டு பூட்டும்

அணுகுண்டுச் சோதனைகளின் பழைய தூசி இன்னும் மண்ணில் எவ்வளவு கிடக்கிறது என்று அரசுகளுக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் நானும் ஒருவன். இம்முறை டொரொண்டோவில், எங்கள் ஆய்வுக்கூடத்தில் கூடினோம். வந்திருந்த இரண்டு நாட்டுப் பேராசிரியர்கள் காலையிலேயே முறைத்துக்கொண்டார்கள். இருவருடைய கருவிகளும் ஒரே பொருளை ஒரே மாதிரி அளந்தால்தான் மற்ற ஒத்துழைப்பைப் பற்றிப் பேசலாம். ஆனால் ஒருவர் கொண்டுவந்த மண்ணை மற்றவர் நம்பவில்லை. மதியம்வரை இதே சண்டை.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மல்வேர்ன் பகுதித் தமிழ்க் கடையில் வாங்கிப் பையில் வைத்திருந்த வாழைக்காய் சிப்ஸை எடுத்து மேசையில் போட்டேன். வாழைக்காயில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. இதையாவது அளந்து தொலையுங்கள் என்றேன்.

அளந்தார்கள். மறுநாள் காலை இரண்டு கருவிகளும் ஒரே அளவைக் காட்டின. பேராசிரியர்கள் சிரித்துக் கைகுலுக்கினார்கள். ஆய்வுக்கூடத்துக்குள் போன பண்டம் பிறகு உணவல்ல என்பது எங்கள் விதி. இனி இதுதான் இருவருக்கும் பொது மாதிரி என்று சிப்ஸைப் பெட்டியில் வைத்து ஆளுக்கொரு பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு திறப்பை எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள். "பிள்ளையளுக்கு வாங்கின சிப்ஸ் எங்கையப்பா?"

நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். "இப்ப ரெண்டு நாடும் நல்ல ஒற்றுமை" என்று முடித்தேன்.

அவள் தேநீரை என் முன்னால் வைத்தாள்.

"ஒற்றுமையெண்டால் ஏனப்பா ரெண்டு பூட்டு?"