எல்லாருக்கும் பொதுவான கை

பெவர்லியின் கையில் நரம்பைத் தேட வேண்டியதே இல்லை. முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையை இறுக்கினால் போதும், பச்சையாகத் தடித்து மேலே வந்து நிற்கும். ரத்தம் எடுக்கப் படிப்பவர்களுக்கு இப்படி ஒரு கை கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். கைக்குச் சொந்தக்காரிக்கு அதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை, அதுதான் அவள் செய்த தப்பு.

அதற்கு முன் பல வருடம் அவள் ஃபேக்டரிப் பெண். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியிலிருந்து கிளம்பி, பஸ்ஸில் கடல் பாலம் தாண்டி, அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் நின்றபடியே கம்ப்யூட்டர் சில்லுகளைச் சரிபார்க்கிற வேலை. சூப்பர்வைசருக்குக்கூட அவள் பெயர் தெரியாது. முப்பது வயதுக்கு மேல் அதை உதறிவிட்டு, ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வகுப்பில் சேர்ந்தபோது அம்மா அன்னமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்கிற வேலைய விட்டுட்டு இந்த வயசுல யாராச்சும் படிக்கப் போவாங்களா?"

பெவர்லி அசையவில்லை. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும், வலிக்காமல் ஊசி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும், கையெழுத்தின் கீழே தன் பெயர் இருக்க வேண்டும். வாழ்க்கையில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

முதலில் ரப்பர் கையில் குத்திப் பழகினார்கள். பிறகு ஒருவர் கையில் ஒருவர். அன்றைக்கே பாடம் நடத்திய சாந்தினி மிஸ் பெவர்லியின் கையைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினார்.

"இந்த மாதிரி நரம்பு இருந்தா கண்ண மூடிக்கிட்டே குத்தலாம்லா."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. பெயர் தெரியாமலே காலம் தள்ளியவளுக்கு அது போதாதா? உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதிலிருந்து அவள் எல்லாருக்கும் அக்கா. வகுப்பில் இளையவளான அதிரா, "அக்கா, ஒரே ஒரு தடவ லா" என்று பக்கத்தில் வந்து உட்காருவாள். நஸீஹா அதையே மலாயில் "காக் பெவர்லி" என்று சொல்லித் தோளைக் கட்டிக்கொள்வாள். அக்கா என்று கூப்பிட்ட பிறகு முடியாது என்று சொல்ல நம் பெண்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒருவர் கையில் ஒரு நாளைக்கு இத்தனை தடவைக்கு மேல் குத்தக்கூடாது என்று சுவரில் ஒட்டித்தான் இருந்தது. அதைப் படிக்க யாருக்கும் நேரமில்லை. இடது கை கன்றிப்போனால் பெவர்லி வலது கையை நீட்டினாள். போதாததற்கு, "தோல கட்டவிரலால நல்லா கீழ இழுத்துப் பிடி, அப்பதான் நரம்பு நகராது" என்று சொல்லியும் கொடுத்தாள். கையும் கொடுத்துப் பாடமும் நடத்துகிற மாணவி அந்த நிலையத்துக்கு அதற்கு முன் கிடைத்திருக்கமாட்டாள்.

குத்துவதற்கு அவள் முறை வரும்போதுதான் வேடிக்கை. அதிரா கையை மடியில் ஒளித்துக்கொள்வாள்.

"எனக்கு ஊசின்னா பயம்கா. நாளைக்குக் கண்டிப்பா."

அந்த நாளை வரவே இல்லை. நஸீஹா புவாசா மாதம் முடியட்டும் என்றாள். நோன்பு இருக்கிறவளை எப்படி வற்புறுத்துவது? மற்றவர்களும் ஏதாவது ஒன்று சொன்னார்கள். மிஸ்ஸிடம் போனால், "நீ ரப்பர் கையிலயே பாத்துக்க, உனக்குத்தான் நல்லா வருதே" என்றார். ரப்பர் கை பயப்படாது, நடுங்காது, அதன் நரம்பும் இடம் மாறாது. ரப்பரிலிருந்து ரத்தம் எடுப்பதில் பெவர்லியை மிஞ்ச ஆளில்லாமல் போயிற்று.

தேர்வு ஒரு கிளினிக்கில் நடந்தது. நிஜமான நோயாளிகள். இரண்டு தடவை குத்தலாம், கிடைக்கவில்லை என்றால் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். பெவர்லிக்கு வந்தவர் வேலு என்ற பெரியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இப்போது சர்க்கரை நோயாளி. நரம்பு மெலிந்து, அவள் விரலுக்கடியில் வழுக்கி வழுக்கி ஓடியது. முதல் தடவை குழாயில் ஒரு சொட்டு இறங்கவில்லை. இரண்டாவது தடவை குத்திய இடம் வீங்கிவிட்டது.

"வலிக்குது பிள்ள. வேற ஆளக் கூப்பிடு," என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்து நின்றவள் அதிரா. தடவிப் பார்த்தாள், கட்டைவிரலால் தோலைக் கீழே இழுத்துப் பிடித்தாள், சரித்து ஊசியை ஏற்றினாள். குழாயில் ரத்தம் நிறைந்தது. பெரியவருக்கு அவள் குத்தியதே தெரியவில்லை. பெவர்லி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிராவுக்கு ஒரு லேப்பில் வேலை கிடைத்தது. நஸீஹாவுக்கும் கிடைத்தது. இருவரும் அக்காவைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தேறாத பெவர்லியை மட்டும் சாந்தினி மிஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"கவலப்படாத. அடுத்த பேட்ச்ல வந்து உக்காந்துக்க, திரும்ப எக்ஸாம் எழுதலாம். உனக்கு ஃபீஸ் வேணாம். புதுப் பிள்ளைங்க பழகுறதுக்குக் கை குடுத்தா போதும்."

பெவர்லி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

"வரேன் மிஸ். ஆனா இந்தத் தடவ நான் முதல்ல ஆளுங்க கையில குத்திப் பழகுறேன். அதுக்கப்புறம் என் கைய குடுக்குறேன்."

மிஸ்ஸின் முகம் சுருங்கியது. "புதுசா வர்றவங்க பயப்படுவாங்கமா. உன் கை இருக்கேன்னுதான் நான் ஃபீஸே வேணாம்னேன்."

"அப்ப உங்களுக்கு என் கை மட்டும்தான் வேணும்."

"இப்படிப் பேசுவேன்னு எதிர்பார்க்கல பெவர்லி. உன்ன ரொம்ப நல்ல பிள்ளைன்னு நெனச்சிருந்தேன்."

"நானும் அப்படி நெனச்சுத்தான் மிஸ் கெட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே வந்தபோது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திங்கட்கிழமை மறுபடியும் ஃபேக்டரி வேலைக்கு சிம்பாங் அம்பாட் பஸ்ஸில் ஏறினாள்.