விசிலும் குள்ளனும்

மூக்குக்கண்ணாடிக் கடையில் கொட்டாவி விடுவதாக இருந்தால் அங்கே லென்ஸ் தேய்ப்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விடுவது நல்லது. பார்த்துவிட்டால் விடமாட்டார். "சார், கோச்சுக்காதீங்க. அதே மாதிரி இன்னொரு தடவை விடுங்களேன். தோள் முதல்ல ஏறுதா, தாடை முதல்ல இறங்குதான்னு பாக்கணும்" என்பார். கண்ணைக் காட்ட வந்தவர்கள் இதுவும் ஏதோ பரிசோதனை போலிருக்கிறது என்று வாயைப் பிளந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

லென்ஸை ஓரம் தேய்த்துச் சட்டத்தில் உட்கார வைப்பது அவர் வேலை. மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். பகலெல்லாம் இயந்திரத்தின் முன்னால் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் இந்தச் சாதுவான மனிதர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்பது கடையில் யாருக்கும் தெரியாது. ஆட்களைச் சண்டைக்கு விடுகிறார்.

கணினியில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு சண்டை விளையாட்டு எஞ்சின் அது. இறக்கியதும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு தரை, ஒரு கடிகாரம், அடிபட அடிபடக் குறையும் இரண்டு கோடுகள், அவ்வளவுதான். சண்டை போடும் ஆட்களை நாம்தான் கொண்டுவர வேண்டும். நிற்பது, நின்று அலுத்தால் கொட்டாவி விடுவது, நடப்பது, உதைப்பது, உதை வாங்குவது, விழுவது என்று ஒவ்வோர் அசைவுக்கும் வரிசையாகப் படங்கள். எந்தப் பட்டனை அமுக்கினால் எது நடக்கும், அடியின் பலம் எவ்வளவு என்று எழுதி வைத்த ஒரு கோப்பு. பொறுமை இருந்தால் யாரை வேண்டுமானாலும் உள்ளே இறக்கலாம். இவருடைய விளையாட்டில் கடை முதலாளி இருக்கிறார். காதிலிருந்து போனை எடுக்காமலே ஒற்றைக் கையால் சாத்துவார். வீட்டுக்காரர் எதிராளியைத் தொடக்கூட மாட்டார், பேசியே விழவைப்பார். குழாய் ரிப்பேர்காரர் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில்தான் திரைக்குள்ளேயே வருவார்.

இவர்களெல்லாம் பின்னால் வந்தவர்கள். முதலில் உண்டானது இரண்டே பேர். ஒருத்தி விசில், இன்னொருவன் குள்ளன்.

விசில் அவருடைய அக்கா. பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். குள்ளன் இவரேதான். உண்மையில் அவ்வளவு குள்ளம் இல்லை. "இன்னும் கொஞ்சம் அமுக்குடா, அழகா இருக்கும்" என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உயரத்தைக் குறைக்க வைத்தார். இருவரும் சின்ன வயதில் நிஜமாகவே அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அக்கா இவர் மார்மேல் ஏறி உட்கார்ந்து, "தோத்தேன்னு சொல்லு" என்று காதைத் திருகுவாராம். கல்யாணம் இருவருக்குமே கூடிவரவில்லை. ஒரு வீடு, ஒரு அடுப்பு, ஓயாத வாய்ச்சண்டை என்று காலம் ஓடியது.

கூடத்துச் சுவரில் பச்சைப் போர்வையைத் தொங்கவிட்டு, அக்காவை அதன் முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். டிராக் சூட்டில் நின்றுகொண்டு அக்கா விட்ட உதைகளில் துணி காயப்போடும் ஸ்டாண்டு ஒன்று போயே போய்விட்டது. பிறகு ஒவ்வொரு படத்திலும் லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற அதே நிதானத்தோடு அக்காவைச் சுற்றி வெட்டியெடுத்தார். கடைசியில் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: எதிராளி விழுந்ததும் விசில் ஊத வேண்டும். "ஜெயிச்சாப் போதாதுடா. ஜெயிச்சது நான்னு உனக்கு உறைக்கணும்." பள்ளி மைதானத்தில் அவர் ஊதிய விசிலையே பதிவு செய்து சேர்த்தார் தம்பி. சும்மா சும்மா ஊதக்கூடாது என்பதற்காக, ஜாய்ஸ்டிக்கின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற பட்டன்களைக் கட்டைவிரலாலும் சுண்டுவிரலாலும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் ஊதும்படி வைத்தார்.

ஒரு நாள் காலையில், மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓடிக் காட்டப் போன அக்காவுக்குக் கால் எழும்பவில்லை. அப்புறம் ஊன்றுகோல், அப்புறம் சக்கர நாற்காலி, இப்போது கட்டில். நரம்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். "கை போயிட்டிருக்கு. அதுக்கப்புறம் மூச்சு" என்று பெரிய டாக்டர் வராந்தாவில் வைத்து இவரிடம் மட்டும் சொன்னார். இவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காதான்.

தினமும் கடையிலிருந்து வந்து, பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவை அனுப்பிவிட்டு, அக்காவைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்து, உள்ளங்கைக்குக் கீழே ஜாய்ஸ்டிக்கை நகர்த்தி வைப்பார். "வாடா குள்ளா, வாங்கிக்க வா" என்பார் அக்கா. மற்ற நேரமெல்லாம் அவரைப் புரட்டுகிறார்கள், துடைக்கிறார்கள், ஊட்டுகிறார்கள். அந்த ஒரு வேளையில்தான் அவர் ஒருவரை உதைக்கிறார்.

விரல்கள் மந்தமானபோது தம்பி சத்தமில்லாமல் கோப்பைத் திறந்து குள்ளனுடைய குத்தின் பலத்தைக் குறைத்தார். பிறகு வேகத்தை. பிறகு மறுபடியும் பலத்தை. குள்ளன் சவலைப் பிள்ளையாகிப் போனான். அப்படியும் ஒரு நாள் விசிலால் ஓர் உதைகூட விட முடியாமல் நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்கு அக்கா வாயைத் திறக்கவில்லை, சாப்பாட்டுக்கும்கூட.

அதற்குப் பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஓர் ஆளை ஆட்டக்காரர் கையிலிருந்து எடுத்துக் கணினியிடமே ஒப்படைக்க அந்த எஞ்சினில் வழி உண்டு. விசிலை ஒப்படைத்தார். ஆனால் ஏனோதானோவென்று இல்லை. அக்கா நல்லபடி இருந்தபோது எப்படி ஆடினாரோ அப்படியே எழுதினார்: இரண்டடி பின்வாங்கிப் பயந்ததுபோல் காட்டுவது, கிட்டே வந்ததும் எகிறி உதைப்பது, விழுந்தவன் எழுவதற்குள் இன்னொன்று. இதே நினைப்பில் கடையில் லென்ஸை மாற்றி அறுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மறுநாள் மாலை அக்காவின் கை ஜாய்ஸ்டிக்கின் மேல் கிடக்க, விசில் குள்ளனைப் புரட்டி எடுத்தாள். "பாத்தியாடா? கை இன்னும் சாகல" என்றார் அக்கா. இரண்டு கரண்டி கூடுதலாகவே சாப்பிட்டார். இவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். லென்ஸ்காரர் புத்தி, ஓரம் கொஞ்சம் குறைந்தாலும் மனசு கேட்காது. விசில் ஊதாமல் அக்கா ஜெயிப்பது அவருக்கு அரைகுறையாகப் பட்டது. அதையும் எழுதிச் சேர்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, குள்ளன் விழுந்ததும் விசில் கழுத்திலிருந்த ஊதலை வாயில் வைத்து ஊதினாள். மைதானத்துச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தம்பி சிரித்தபடி திரும்பினார். அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஊதலையே."

"ஊதினியே அக்கா. இப்பதானே ஊதின."

"சுண்டுவிரல் மடங்கிக் கிடக்குதுடா."

கிடந்தது. நகம் வெட்டும்போது இவர்தான் அதைப் பிரித்துப் பிடிப்பார். விட்டால் மறுபடி உள்ளங்கைக்குள் போய்விடும். ஊதுவதற்கு அந்த விரலும் வேண்டும் என்பதை எப்படி மறந்தாரோ, அவருக்கே தெரியவில்லை. தன் கையில் இன்னும் ஜாய்ஸ்டிக் இருந்த கூச்சத்தில் குனிந்துகொண்டார்.

"எத்தனை நாளா?"

அடுத்த ஆட்டம் தானாகவே தொடங்கிவிட்டது. விசில் இரண்டடி பின்வாங்கினாள்.

"கையை எடுத்து வைடா."

அக்காவின் கையை இரண்டு கைகளாலும் தூக்கிப் போர்வையின் மேல் வைத்தார். விசில் நிற்கவில்லை. எகிறினாள், உதைத்தாள், திரும்பி இன்னொன்று விட்டாள். மைதானத்தின் அந்தக் கோடியில் விளையாடும் ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆடுறா" என்றார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அது ஒன்று அவரால் இன்னும் முடிகிறது.

கணினியை அணைக்க இவருக்குக் கை வரவில்லை. மடியிலிருந்த தன் ஜாய்ஸ்டிக்கை எடுத்துத் தரையில் வைத்தார். திரையில் குள்ளன் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றான். விசில் அவனை உதைத்துக்கொண்டே இருந்தாள். தம்பி தடுக்கவில்லை.