மூலை வெட்டிய அட்டைகள்

அந்தச் சங்கக் கிளையின் கடிதத்தாளில் பதினாலு பேர் பெயர் அச்சாகியிருக்கும். துணைத்தலைவர்கள் மட்டுமே நாலு பேர். அவள் பெயர் அதில் கிடையாது. ஆனால் பத்தொன்பது வருஷமாக அலுவலகச் சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது. எல்லோரும் அவளைக் கார்டக்கா என்பார்கள்.

சிறுநீரக நோயாளிகளுக்கான தேசியச் சங்கம் அது. கிளைக்கென்று ஒரு வேன் இருந்தது. வாரம் மூன்று நாள் பதினோரு நோயாளிகளை வீட்டு வாசலில் ஏற்றி, டயாலிசிஸுக்குக் கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து விடும். அந்தப் பதினோரு பேரில் அவளுடைய தம்பியும் ஒருவன். வேனைத் தவிர அந்தக் கிளை வேறென்ன செய்தது என்று கேட்டால், கூட்டம் போட்டது.

கார்டக்கா முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கோப்பு அறையில் இருந்தவள். கம்ப்யூட்டர் வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அந்தக் காயம் ஆறவில்லை. ஆற விடவும் இல்லை. சங்கத்தில் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை போட்டு, ஏழு செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தாள். அட்டையில் பெயர், முகவரி. அதற்குக் கீழே, 'மகனைப் பற்றிக் கேட்கக் கூடாது', 'சாப்பாட்டுக்குப் பிறகு பேசினால் எரிந்து விழுவார்' என்று பொடி எழுத்தில் அவளுடைய குறிப்புகள். இந்தக் கார்டுகளால் வந்த பெயர்தான் கார்டக்கா.

யாராவது இறந்துபோனால் அட்டையைக் கிழிக்க மாட்டாள். வலது மேல் மூலையைக் கத்தரித்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுவாள். இறந்த மாதம் வரும்போது அந்த வீட்டுக்குத் தன் கையால் இரண்டு வரி எழுதுவாள். பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்து பணம் வரும். வெட்டிய மூலைக்கு என்ன அர்த்தம் என்று கிளையில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

அந்த வருஷம் தலைமையகம் கண்டிப்பாக எழுதிவிட்டது. குளிர்கால நிதி திரட்டலில் இலக்கைத் தொடாவிட்டால் வேன் வேறு கிளைக்குப் போய்விடும். உதவிக்கு ஒரு ஆலோசகரையும் அனுப்பியது. மடிக்கணினியை மடியில் வைக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கும் ஆசாமி.

திட்டக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. தலைவர் குளியலறைச் சாமான் வியாபாரி. அவர் கடை முகப்பில் எந்தக் குழாயைவிடவும் அவர் முகம்தான் பெரியது.

"படம் கொஞ்சம் பெரிசா இருந்தாத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்," என்றார் தலைவர். எந்தப் படம், யாருடைய படம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கரெக்ட் சார். மனசைத் தொடணும்," என்றார் ஆலோசகர்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான். ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவன். இப்போது நாக்கு மட்டும்தான் முழு நேரம் வேலை செய்தது.

"என்னக்கா முடிவாச்சு?"

"டீ-ஷர்ட் கலர் முடிவாச்சு. நீலம்."

"அப்பாடா. நான் பொழச்சேன்."

"அவசரப்படாதே. வான நீலமா, கடல் நீலமாங்கறது அடுத்த கூட்டத்துல."

சிரித்தார்கள். ஆனாலும் வேன் விஷயம் இருவருக்கும் தெரியும். முந்தைய வருஷம் வேன் ஒரு வாரம் பட்டறையில் கிடந்தபோது அவன் இரண்டு பஸ் மாறிப் போனான். மூன்றாம் நாள் பஸ் நிறுத்தத்தில் சுருண்டு விழுந்தான். யாரோ தெரியாதவர்தான் தூக்கி உட்காரவைத்தார்.

அடுத்த வாரம் ஆலோசகர் ஏழு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்புவது என்று திட்டம்.

"இதுல நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா மேடம்?" என்று ஒப்புக்குக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ஒரு பெட்டி ஏற்கெனவே அவர் இடுப்பில் ஏறியிருந்தது.

"ஒண்ணுமில்லை சார். நீங்க படிச்சவங்க," என்றாள் கார்டக்கா.

மூலை வெட்டியது கம்ப்யூட்டரில் ஏறாது என்று அவளுக்குத் தெரியும்.

கடிதங்கள் அச்சாகி வந்தன. மேலே தலைவர் கம்பளி கொடுக்கும் படம்; வாங்கும் நோயாளிக்கு முழங்கை மட்டும் தெரிந்தது. கீழே கொட்டை எழுத்தில்: 'போன குளிர்காலத்தில் உங்களைக் காணோமே! எங்களை மறந்துவிட்டீர்களா?' உறையில் போடும் நாளில் அவள் கையில் வந்த முதல் கடிதம், நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோன தையற்கடைக்காரருக்கு. அதைப் பக்குவமாக மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு இனிப்பான வேலை அவள் செய்ததில்லை.

வீட்டில் தம்பியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"எத்தனை பேரு அந்த மாதிரி?"

"நாப்பத்தி ஒண்ணு."

"அந்த நாப்பத்தோரு வீட்லயும் தலைவரைத் தனியாக் கூப்பிட்டு வச்சா திட்டப் போறாங்க? சங்கத்தையே காறித் துப்புவாங்க. அப்புறம் வண்டி எங்கே? நீ ஜெயிச்சுட்டேன்னு நான் பஸ் ஸ்டாப்புல நின்னு கை தட்டணுமாக்கா?"

"சொன்னா மட்டும் கேட்டிருப்பானுங்களா?"

"சொன்னியா?"

அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவி வைத்திருந்த பாத்திரத்தையும் கழுவினாள்.

மறுநாள் காலை, தபால் எடுப்பவர் வருவதற்கு முன்பே அலுவலகம் திறந்தாகிவிட்டது. கட்டுகளைப் பிரித்து, திரும்பி வந்திருந்த பெட்டிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாக நாற்பதை உருவினாள். அந்த நாற்பது வீட்டுக்கும் வழக்கமான இரண்டு வரியைக் கையால் எழுதினாள்.

நாற்பத்தோராவது உறை தலைவர் வீட்டு முகவரிக்கு, அவருடைய காலமான தகப்பனாரின் பெயரில் இருந்தது. கிழவர் பதினோரு வருஷம் நேரில் வந்து பணம் கட்டியவர். அவர் போன பிறகுதான் மகனுக்குச் சேவை மனப்பான்மை பொத்துக்கொண்டு வந்தது. அட்டையில் அவள் கையெழுத்திலேயே குறிப்பு இருந்தது: 'பேர் வெளியே வேண்டாம் என்கிறார். வீட்டுக்கு எழுதக் கூடாது.'

உறையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தபால் கட்டுக்குள்ளேயே திரும்பச் செருகிவிட்டாள். நாற்பது பேருக்கு நியாயம் செய்தவளுக்கு ஒருவர் விஷயத்தில் சலுகை உண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தலைவர் அந்த உறையோடு வந்து நின்றார். சத்தம் போடுவார் என்று அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

"இதை யார் அனுப்பினது?"

"நீங்கதான் சார். கீழே உங்க கையெழுத்து இருக்கே."

அவர் சத்தம் போடவில்லை. சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா இங்க வருவாரா?"

"பதினோரு வருஷம் வந்தாரு. அந்த பெஞ்சுலதான் உக்காருவாரு."

"எங்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

அந்தப் பெரிய முகம் குலுங்கியது. கடை முகப்பில் இருக்கும் முகத்துக்கு அழத் தெரியும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. இந்தக் காட்சிக்காகத்தானே உறையைச் செருகினாள்? தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியில் கிழவரின் அட்டையைப் பார்க்க அவளுக்குக் கூசியது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு குறிப்பை அவள் மீறியது அதுதான் முதல் தடவை. அறையில் இருந்த இரண்டு பேரில் யார் அற்பம் என்று அவளுக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கூச்சம் நாலு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் நிதி திரட்டலின் தொடக்க விழா. கடல் நீல டீ-ஷர்ட்டில் தலைவர் மேடையேறினார். அதே உறையை உயர்த்திக் காட்டினார்.

"என் தகப்பனார் யாருக்கும் தெரியாமச் செஞ்ச தர்மம்! பேரே வெளிய வரக்கூடாதுன்னு நெனைச்ச மனுஷன்!" என்று சொல்லிப் பெயரை மூன்று தரம் ஒலிபெருக்கியில் சொன்னார். பின்னால் பதினைந்தடியில் கிழவரின் படம். தலைவர் அழுதார், போட்டோக்காரர் தவறவிட்டதால் இன்னொரு தரம் அழுதார். "இந்தக் கடிதமே நான் யோசிச்சு எனக்கு நானே அனுப்பிக்கிட்டது," என்றும் சேர்த்துக்கொண்டார். ஆலோசகர் எழுந்து நின்று கை தட்டினார்.

கார்டக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. பழைய வெறுப்பு சேதமில்லாமல் வீடு திரும்பியிருந்தது. ஆனால் கிழவரின் அட்டையை மட்டும் அதற்குப் பிறகு அவள் தொடவில்லை.

பணம் வந்தது. மேடை அழுகைக்குக் கொஞ்சம் வந்தது. கையால் எழுதிய நாற்பது வீடுகளிலிருந்து அதைவிட அதிகமாக வந்தது. அறிக்கையில் ஆலோசகர் எல்லாவற்றையும் 'மேடை நிகழ்ச்சி' என்ற தலைப்பில் போட்டார். அவள் திருத்தவில்லை. இலக்கைத் தொட்டாயிற்று, வேன் தங்கிற்று. அன்று மாலை தலைவருக்கென்று புதிதாக ஒரு அட்டை போட்டாள். 'அழுவார். மேடை இருந்தால் இரண்டு தரம்.'

அடுத்த செவ்வாய்க்கிழமை வேன் புதுப் பெயின்ட்டில் வந்து வாசலில் நின்றது. பக்கவாட்டுக் கதவு முழுக்கத் தலைவரின் முகம். கைப்பிடி சரியாக மூக்கில் வந்திருந்தது.

தம்பி மெதுவாகப் படியிறங்கிப் போனான். முகத்தின் முன் நின்று கும்பிட்டான்.

"சார், கொஞ்சம் மூக்கைக் கொடுங்க," என்று கைப்பிடியை இழுத்தான். முகம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது.

"வாரத்துக்கு மூணு நாள்க்கா!" என்று உள்ளேயிருந்து கத்தினான். "போகும்போது ஒரு இழுப்பு, வரும்போது ஒரு இழுப்பு!"

"கதவை அறைஞ்சு சாத்துடா," என்றாள் கார்டக்கா. "மெதுவாச் சாத்தினா ஒட்டாது."